‘ம்’ என்றால் போகலாம்

கண்ணாடிக்காரர் காலையிலேயே தயாராகிவிட்டார். முகம் மழித்து, சட்டையைத் தேய்த்து மாட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர் என்பதால் அந்தப் பெயர். கடையை விற்று வெகுகாலமாகியும் பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுபத்தைந்தைத் தாண்டியவர் விபத்தில் சிக்கினால் மறுபடியும் ஓட்டிக்காட்டித்தான் லைசன்ஸைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். இன்று அந்தத் தேர்வு. நாளைக்கு விசாரணை.

என்ன விசாரணை என்று கேட்கிறவர்கள் அந்தத் தபால்காரப் பெண்ணை அதற்குள் மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தெருமுனையில் கண்ணாடிக்காரரின் கார் திரும்பியபோது அவள் சைக்கிளோடு அடியில் போனாள். முழங்கால் நொறுங்கிவிட்டது. நடந்தும் மிதித்தும் பிழைக்கிறவளுக்கு முழங்கால் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். இங்கே எல்லோரும் தப்பு யார் தலையில் என்று பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெயில் கண்ணில் அடித்தது என்று கண்ணாடிக்காரர் போலீசில் சொல்லியிருந்தார். சைக்கிள்தான் திடீரென்று வந்தது என்று மாற்றிச் சொல்லச் சொல்லி மகன் தொலைவிலிருந்து போனிலேயே அவரைக் குடைந்துகொண்டிருந்தான்.

மகள் உள்ளே வந்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வேலையோ, வாயை அடக்கிக்கொண்டு காதைக் கொடுக்கிற வேலை. ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிரிட்ஜ் குளிரவில்லை, மிக்ஸி சுற்றவில்லை என்று பொழுதெல்லாம் ஊரார் புலம்பலைக் கேட்க வேண்டும். அங்கே சேர்ந்த அன்றைக்கே மேனேஜர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், “கஸ்டமர் பேசறப்போ ‘ம்’ மட்டும் கொட்டாதீங்க. ‘கேட்டுட்டிருக்கேன்’னு நினைச்சுதான் நீங்க சொல்வீங்க. ‘ஒத்துக்கிட்டாங்க’ன்னு அவங்க எடுத்துக்குவாங்க.”

ஷிப்டு முடிந்ததும் அடைத்துவைத்த வாய் திறந்துகொள்ளும். அம்மாவுக்குப் போன் போடுவாள். பக்கத்து நாற்காலிக்காரி தன் குஷனைத் திருடிய கதை, லிப்ட் நின்ற கதை எல்லாம் கொட்டினால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடியும். விபத்து நடந்த அன்றும் அப்படித்தான். குஷன் கதை பாதியில் இருக்கும்போது, காரில் இருந்த அம்மாவின் போனில் அந்தச் சத்தம் கேட்டது.

“போலாமா அப்பா?”

“நான் எப்பவோ ரெடி. உங்க அம்மாதான் ஹேண்ட்பேக்குக்குள்ளே எதையோ தேடிட்டிருக்கா.”

“அம்மா எதுக்கு? அங்கே வெயில்ல உக்காரணும். வீட்டிலேயே இருக்கட்டுமே.”

“நான் வராம எப்படிடி?” என்று அம்மா அறையிலிருந்து வந்த வேகத்தில் ஹேண்ட்பேக் கதவில் மோதியது. “நான் வந்தாதான் அவருக்குத் தெம்பு.”

*

லைசன்ஸ் கையில் இல்லாததால் மகள்தான் ஓட்டினாள். அப்பா பக்கத்து இருக்கையில், அம்மா பின்னால்.

கிளம்பியதும் அண்ணனிடமிருந்து அம்மாவுக்குப் போன். கண்ணாடியில் பார்த்தால் அம்மா பலமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எதிராளிக்குத் தலை தெரியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. “சரிப்பா… சரி… சரிப்பா…” என்று சொல்லிப் போனை முன்னால் நீட்டினாள். மகள் காரை ஓரங்கட்டி வாங்கிக்கொண்டாள்.

“அப்பா பாஸ் பண்ணிட்டா போதும்” என்றான் அண்ணன். “கண்ணு நல்லா இருக்கு, கை நல்லா இருக்குன்னு அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்கன்னா அந்தப் பொண்ணுதான் குறுக்கே வந்துச்சுன்னு ஆயிடும். நீ பாட்டுக்கு வாயை வெச்சுட்டுச் சும்மா இரு.”

“அவ வேலை போயிடுமேண்ணா. அவ தப்புன்னு எழுதிட்டா அவ ஆபீஸ்லேயே கைகழுவிடுவாங்க.”

“அப்போ அப்பா ஜெயிலுக்குப் போகட்டுமா?”

ஜெயில் வரைக்கும் போகுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது. போனை வைத்துவிட்டுக் காரை எடுத்தாள்.

முதல் திருப்பம் வந்தது. சிக்னல் இல்லாத இடம். மகள் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

பின்னாலிருந்து அம்மா, “ம்” என்றாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லையே.”

அடுத்த திருப்பத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. “ம்ஹும்” என்றாள் அம்மா. லாரி போனது. “ம்.”

“யாருக்கும்மா ம் கொட்டறே? நான் ஒரு கதையும் சொல்லலையே?” என்று சிரித்தாள் மகள்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை. மூன்றாவது திருப்பத்தில் மகள் சும்மா பக்கவாட்டில் பார்த்தாள். அம்மா “ம்” என்றதும் அப்பாவின் வலது கால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல் கார்த் தரையை அழுத்தியது. அப்பா ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது.

அடுத்த திருப்பத்திலும் மகள் அந்தக் காலைத்தான் பார்த்தாள். அவள் அதற்குப் பிறகு எந்தக் கதையும் பேசவில்லை.

*

லைசன்ஸ் அலுவலகக் கூடத்தில் பெஞ்சு முழுக்க நரைத்த தலைகள். “கண்ணு மண்ணு தெரியாம பறக்கிற சின்னப் பசங்களை விட்டுட்டு நம்மளைப் பிடிச்சு ஆட்டறாங்க” என்று ஒருவர் பொருமினார். அவருடைய மனைவி, “நீங்க போன மாசம் கேட்டையே இடிச்சீங்க” என்று எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தாள். சிரிப்புச் சத்தத்தில் கண்ணாடிக்காரரின் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகு எழுந்தார்.

முதலில் கண். சுவரில் எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி. கடையில் நாற்பது வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கிய அதே பலகை.

“முடிஞ்ச வரைக்கும் படிங்க ஐயா.”

கண்ணாடிக்காரர் கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தார். தங்குதடையில்லாமல் மேலே ஏறினார். “அதுக்கும் கீழே அச்சடிச்சவன் பேர் இருக்கும். அதையும் சொல்லட்டுமா?”

கிளார்க் அசந்துபோய் வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று என்று டிக் அடித்தாள். “என் கண்ணுகூட இவ்வளவு தெளிவு இல்லைங்க.”

அப்பா அவள் பக்கம் திரும்பி நன்றி சொன்னார். சரியாகப் பார்த்தால் அவளுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த பீரோவிடம்தான் சொன்னார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஹேண்ட்பேக் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

பரிசோதகர் ஒரு நடுவயதுப் பெண். கையில் பலகையும் பேனாவும், முகத்தில் தூக்கம் போதாத களைப்பும். கார் சாவியை மகளிடம் வாங்கி அப்பாவிடம் கொடுத்து, “மெதுவா ஒரு சுத்து போயிட்டு வரலாம். பயப்படாதீங்க” என்றாள்.

“நானும் பின்னாடி உக்காந்துக்கட்டுமா?” என்றாள் அம்மா. “அவர் கூட இல்லாம நான் இருந்ததே இல்லைங்க.”

வழக்கமாக விடமாட்டார்கள். ஆனால் கிழவியின் கண்ணில் என்ன பார்த்தாளோ, பரிசோதகர் இளகிவிட்டாள். “சரி, ஏறுங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

“வாயே திறக்க மாட்டேன்.”

சத்தியமான பேச்சு. ‘ம்’ சொல்ல வாயைத் திறக்கவே வேண்டாம்.

அம்மா ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்து நிம்மதியாக மூச்சு விட்டார். இப்படியே போனால் அப்பா பாஸாகிவிடுவார். நாளைக்கு அந்தக் காகிதத்தை நீட்டுவார்கள். தபால்காரப் பெண் குறுக்கே வந்தவள் ஆகிவிடுவாள். அண்ணன் சொன்னதும் அதுதானே? வாயை வெச்சுட்டுச் சும்மா இரு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயாடி சும்மா இருந்தால் போதும்.

“அம்மா, இறங்கு” என்றாள் மகள்.

“என்னடி?”

“பின் சீட்ல உக்காந்தா அம்மாவுக்குத் தலை சுத்தும்ங்க. வாந்தி எடுத்துடுவாங்க. இறங்கும்மா.”

“எனக்கு எப்படி தலை சுத்தும்? இப்பதானே பின்னாடி உக்காந்து…”

“இறங்கு.”

மகளின் குரலைக் கேட்டு அம்மா இறங்கினாள். அப்பா தலையை மட்டும் திருப்பினார். “நீ வரலையா?” என்றார், யாரும் இல்லாத இருக்கையைப் பார்த்து. பரிசோதகர் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

கார் முற்றத்தைத் தாண்டி வெளிவாசல்வரை ஒழுங்காகவே போனது. வாசலில் நின்றது. திரும்புகிற விளக்கு மினுங்கியது. பெஞ்சிலிருந்து பார்க்கிறவர்களுக்கே சாலை காலியாக இருப்பது தெரிந்தது.

கார் நகரவில்லை.

ஒரு பஸ் போனது. மறுபடி சாலை காலி. பரிசோதகர் ஏதோ சொல்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. போகலாம் என்று கையைக் காட்டினாள். அப்பாவின் தலை அசையாமல் நேராக இருந்தது. விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது.

“ம்” என்றாள் அம்மா.

பெஞ்சிலிருந்து வாசல் எங்கேயோ இருக்கிறது. அம்மா எழுந்து நின்றாள். “ம்… ம்…” கையால் புடவையோ பையோ எதையோ பிடித்துக் கசக்கினாள். “காலியா இருக்குங்க, போங்க. ம்! ம்!”

கேட்டை இடித்த கதையைப் போட்டு உடைத்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள். மகள் அம்மாவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். வாசலில் பரிசோதகர் இறங்கி, காரைச் சுற்றிவந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். அப்பா இறங்கினார். அந்தப் பக்கம் போய் ஏற வேண்டியவர், காரின் முன்பகுதியைக் கையால் தடவிக்கொண்டே போனார்.

“எத்தனை நாளாம்மா இப்படி?” என்றாள் மகள்.

“எதைப் பாத்தாலும் நடுவிலே கட்டைவிரலை வெச்சு அழுத்தின மாதிரி இருக்காம். ஓரத்திலே எல்லாம் தெரியுதாம். கண்ணாடி போட்டா சரியாகாத வியாதின்னு அவரே பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாரு. டாக்டர்கிட்டேகூட போகலை.” அம்மா மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு ஓட்டத் தெரியாது, அவருக்குப் பாக்க முடியாது. ரெண்டு பேரும் சேந்து ஒரு டிரைவர். வழி இருந்தா ‘ம்’. இல்லைன்னா ‘ம்ஹும்’. நல்லாத்தான் ஓட்டிட்டிருந்தோம்.”

“என்கிட்டே போன்ல பேசறப்போ?”

“அதுக்குத்தான் கார்ல இருந்தா உனக்கு ‘சரிடி, சரிடி’ன்னே சொல்வேன். ‘ம்’ அவருக்கு மட்டும்தான்.”

மகளுக்கு அது ஞாபகம் வந்தது. அந்த ‘சரிடி’யைக் கேட்டு, அம்மாவுக்கு என் கதை அலுத்துவிட்டது என்று கோபித்துக்கொண்டதும் உண்டு. விபத்து நடந்த அன்றைக்கு அம்மா ‘சரிடி’ சொல்லவில்லை. குஷன் கதையில் சுவாரசியம் ஏறிய இடத்தில் ‘ம்’ என்றாள். மகள் சந்தோஷமாக மேலே பேசினாள். அப்புறம் அந்தச் சத்தம்.

“அது எனக்குச் சொன்னது” என்றாள் மகள்.

அம்மா அழுதாள்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“நான் ரோட்டைப் பாத்துதான் சொன்னேன்னு நினைக்கிறாரு. எனக்கும் வயசாச்சு, என் கண்ணும் தப்பு பண்ணிடுச்சுன்னு நினைச்சுட்டு, என்னைக் காட்டிக்கொடுக்காம வெயில்னு பொய் சொல்றாரு. கண்ணு தப்பினதுன்னா அவர் பொறுத்துப்பாரு. கண்ணையே என் கையிலே கொடுத்த மனுஷன்டி. நான் கவனிக்கவே இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்? நீயும் சொல்லாதே.”

*

திரும்பி வரும்போது அம்மா உதட்டை இறுகக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கால் ஒரு திருப்பத்தில்கூட அசையவில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றதும் அம்மா இறங்கிச் சாவியோடு கதவுக்குப் போனாள். அப்பா இறங்கவில்லை.

“வாங்கப்பா.”

“கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன். இனிமே இதிலே எனக்கு என்ன வேலை?” அவர் மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார். “நீதான் இறக்கிவிட்டேன்னு தெரியும். கோபம் இல்லை. நான் கடையிலே இருந்திருந்தா என்னை மாதிரி ஆளுக்கு ஓட்டாதேன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அப்பா…”

“உன் காது தெரியுது, கம்மல் தெரியுது. வாயாடிக்கு வாய்தான் தெரியலை.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மகளின் போன் அடித்தது. தெரியாத நம்பர். நாலு எட்டு தள்ளிப்போய் எடுத்தாள்.

“அக்கா, நான்தான்… தபால்.” குரல் படுத்துக்கொண்டே பேசுகிற குரலாக இருந்தது. “வைக்காதீங்கக்கா. சண்டைக்குக் கூப்பிடலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லும்மா.”

“நான் குறுக்கே வந்தேன்னு எங்க ஆபீஸ்ல எழுதப்போறாங்க. நான் சும்மா வரலைக்கா. முனையிலே நின்னேன். கார் நின்னுட்டிருந்தது. அம்மா நிமிந்து என் பக்கம் பாத்தாங்க. நான் போலாமான்னு கையைக் காட்டினேன். அம்மா தலையை ஆட்டினாங்க. அதுக்கப்புறம்தான் மிதிச்சேன்.”

அன்றைக்கு அம்மா போனை எந்தக் காதில் வைத்திருந்தாளோ, அந்தப் பெண்ணுக்குத் தெரியாத காதாகத்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு தலையாட்டல். அதோடு ஒரே ஒரு ‘ம்’. அப்பா போகலாம் என்று எடுத்துக்கொண்டார், இவள் வரலாம் என்று எடுத்துக்கொண்டாள். அந்த வீணாய்ப்போன குஷனுக்குத்தான் அம்மா தலையாட்டினாள் என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது.

“நான் சொன்னா யாரும் நம்பலைக்கா. தப்பிக்கறதுக்குக் கதை விடறேங்கறாங்க. அம்மா உங்ககிட்டே சொல்லியிருப்பாங்க இல்லையா? தலையை ஆட்டினாங்கதானே?”

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு என்று மகள் சொல்ல நினைத்தாள். வந்தது ஒன்றுதான்.

“ம்…”

மறுமுனையில் அழுகை வெடித்தது. “அது போதும்க்கா! நீங்க நல்லா இருப்பீங்க. நாளைக்கு அவங்க பொண்ணே ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லிடறேன்.”

“இரும்மா, நான் அப்படிச்…”

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் அந்தப் பெண் எடுக்கவில்லை.

மகள் திரும்பினாள். கார்க் கதவு திறந்திருந்தது. அப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார். கண் போனபிறகு காதாலேயே காலம் தள்ளிய மனிதர். அந்த ஒற்றை எழுத்து அவர் காதுக்குத் தப்புமா?

“இப்போ ‘ம்’ சொன்னியே” என்றார். “யாருக்கு?”

“போன்லப்பா.”

“போன்லயா?”

அவர் வீட்டுக் கதவு இருக்கிற பக்கமாக மெதுவாக முகத்தைத் திருப்பினார். அங்கே பூட்டில் சாவியை நுழைத்த கையோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

“ஏம்மா” என்று மனைவியைக் கூப்பிட்டார். “அன்னிக்கு நீ சொன்ன ‘ம்’… அது எனக்குச் சொன்னதுதானே?”